குஞ்சிதபாதம் வாங்கிய திட்டு

கும்பகோணத்தில் ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் கிளிங்கன் மொழி வகுப்பு நடந்தது. சிரிக்க வேண்டாம். ஆங்கில சினிமாவில் வரும் வேற்றுக்கிரக வீரர்கள் பேசுவதற்கென்று பூமியில் ஒருவர் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கிய மொழிதான். அதைப் படிக்கவும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சிலர் வந்தார்கள்.

ஆசிரியை ஜெசிந்தாவுக்கு முப்பது வயது இருக்கும். சீடர்களில் மூத்தவர் குஞ்சிதபாதம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பாதி ஊர் அவரிடம் தலையில் குட்டு வாங்கித்தான் இலக்கணம் படித்தது.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம். வீரர்களின் மொழியில் திட்டுவதும் மரியாதைதான். ஒருவர் தப்பாகச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் உரக்கத் திட்ட வேண்டும். வாங்கியவர் அதைவிட உரக்கத் திருப்பித் திட்ட வேண்டும். பிறகு எல்லோரும் சிரித்துவிட்டு டீ குடிப்பார்கள்.

குஞ்சிதபாதம் மட்டும் யாருக்கும் அந்த வாய்ப்பைக் கொடுக்கமாட்டார். தப்பு வந்ததும் தன் தலையில் நறுக்கென்று குட்டிக்கொண்டு, "மடையா, மடையா" என்று தன்னையே திட்டிக்கொள்வார். மற்றவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் முழிப்பார்கள்.

அன்றைய பாடம், 'நான் என்னைப் புகழ்ந்துகொள்கிறேன்'. அவர் வினைச்சொல்லின் முன்னால் 'என்னை'க்கும் சேர்த்து ஒரு முன்னொட்டைப் போட்டார்.

"தனக்குத்தானே செஞ்சுக்கிற வினைக்கு இந்த மொழியில செயப்படுபொருள் வராது சார்" என்றாள் ஜெசிந்தா.

மறுபடியும் அதே தப்பு. மறுபடியும் நறுக்.

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நான் நின்னுக்கறேன் டீச்சர். ஊருக்கெல்லாம் இலக்கணம் சொன்னவன். எனக்கு ஏறமாட்டேங்குது."

மனைவி போனபிறகு வீட்டில் அவரோடு ஒரு வார்த்தை பேச ஆளில்லை. இந்த மாடியை விட்டுப் போக அவருக்கு மனசே இல்லை.

வாசலில் நின்று திரும்பினார்.

"ஒரே ஒரு சந்தேகம். நான் குட்டிக்கிட்டா வலிக்கறது எனக்குத்தானே? அப்புறம் எப்படி செயப்படுபொருள் இல்லேங்கறது உங்க மொழி?"

"குட்டினது யாரு சார்?"

"நான்."

"வாங்கினது?"

"நானேதான்."

"சரி, வாங்கினவரை இப்பத் திருப்பிக் குட்டச் சொல்லுங்க."

குஞ்சிதபாதம் கையை ஓங்கினார். எங்கே குட்டுவதென்று தெரியாமல் கை அந்தரத்தில் நின்றது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால குட்டுப்படணும்பாங்க. உங்க கையில மோதிரம்கூட இல்லையே சார்!"

சொல்லிவிட்டு ஜெசிந்தா மேஜையில் ஓங்கி அடித்தாள். கிளிங்கனில் அவரை ஒரு திட்டு திட்டினாள். என்ன ஏது என்று செருப்புக் கடைக்காரர் மாடிப்படிவரை வந்துவிட்டார்.

குஞ்சிதபாதத்துக்கு முகம் ஜிவுஜிவு என்று சிவந்தது.

"யாரைப் பார்த்து?" என்று தமிழில் ஆரம்பித்தவர், மடமடவென்று கிளிங்கனுக்கு மாறினார். நீளமான திட்டு. முன்னொட்டு, பின்னொட்டு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. வகுப்பே கைதட்டியது.

அவருக்கே நம்பமுடியவில்லை.

"ஒரு தப்புகூட இல்லையே! இது மட்டும் எப்படி டீச்சர் வந்தது?"

ஜெசிந்தா டீயை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"எதிர்ல நான் இருந்தேனே சார்."