மூச்சு விடாத பெரியவர்

காரைக்காலுக்குத் தெற்கே பூசணிமேடு என்று ஓர் ஊர் உண்டு. அங்கே பூசணியும் கிடையாது, மேடும் கிடையாது. சந்தியாகு, இஞ்ஞாசி, லாசர் என்று அண்ணன் தம்பி மூவர் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு தென்னந்தோப்பு, ஒரு ஓட்டு வீடு, ஒரு தங்கை. தங்கை செசீலி நாகப்பட்டினத்தில் டீச்சர். சனி, ஞாயிறு வீட்டுக்கு வருவாள். அவளுக்கு வந்த வரன்கள் எல்லாமே நல்ல வரன்கள்தான். அண்ணன்மார்களோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு எழுந்து போனவர்கள் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தடவை வந்தவர் புதுச்சேரி அமலோர் மிசே; அங்கே 'ஐயா' என்பதைப் பிரெஞ்சுப் பழக்கத்தில் 'மிசே' என்பார்கள். அவர் மகன் பெர்னாருக்குச் செசீலியைப் பிடித்துப்போயிற்று. செசீலிக்கும் பெர்னாரைப் பிடித்துப்போயிற்று. மிசேக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் அவருக்கு அண்ணன்மார்களையும் பிடித்துப்போயிற்று.

செசீலி காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போன நேரத்தில், மிசே தன் பையிலிருந்து ஒரு கறுப்புப் பாட்டிலைக் குழந்தையைப் போல வெளியே எடுத்தார்.

"இது ஒயின். எங்க அப்பா பிரான்சுல இருந்து கொண்டாந்தது. இந்த வீட்டுல இருக்கிற எல்லாரையும் விட வயசுல மூத்தது. இன்னிக்கே திறக்கலாம்னுதான் இருந்தேன். பஸ்ஸுல குலுங்கி வண்டல் கலங்கிப் போச்சு. அடுத்த ஞாயிறு வரைக்கும் இங்கேயே ஓய்வெடுக்கட்டும். அன்னிக்கு ரெண்டு வீட்டாரும் ஆளுக்கு ஒரு வாய் ருசி பார்த்தாத்தான் எங்க குடும்பத்துல பேச்சு முடிஞ்சதா அர்த்தம்."

"எப்படிப் பார்த்துக்கணும்?" என்று சந்தியாகு பணிவாகக் கேட்டார்.

"படுத்தே இருக்கணும், நிமிர்த்தக் கூடாது. குளிர்ச்சியா வச்சுக்கணும். அதிர்ச்சி ஆகாது. ஞாயித்துக்கிழமை நான் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, இந்தச் சுருள் கம்பியால மெதுவா வாயைத் திறந்து வச்சிடுங்க. மூச்சு விடட்டும்."

மிசேயும், பின்னாலேயே செசீலியும் பஸ் ஏறிப் போன பிறகு மூவரும் பாட்டிலைச் சுற்றி நின்றார்கள். யாருக்கும் உட்காரத் துணிவில்லை.

"நம்ம எல்லாரையும் விட மூத்தவராம்" என்றார் சந்தியாகு. "அது இதுன்னு பேசக் கூடாது. அவர், இவர்னுதான் சொல்லணும்."

"பேரு ஒயினாம்" என்றான் இஞ்ஞாசி. "காரைக்கால்ல தெருவுக்குத் தெரு இவர் பேர்லதான் கடை வச்சிருக்காங்க. பெரிய குடும்பம்ணே."

"ஒரு வாய் ருசி பார்க்கணும்னாரே, அது?" என்றான் லாசர்.

"ஆட்டுக்கறியா இருக்கும். சொல்லி வச்சிடு."

பெரியவரைச் சந்தியாகுவின் கட்டிலில் படுக்க வைத்தார்கள். தலையணை வைத்தார்கள். குப்புறவா, மல்லாக்கவா என்று தெரியாததால், காலையில் ஒரு பக்கமும் மாலையில் ஒரு பக்கமும் புரட்டிப் படுக்க வைத்தார்கள். சந்தியாகு தரையில் படுத்தார்.

அதிர்ச்சி ஆகாது என்பதால் அந்த வீட்டில் கெட்ட சேதி பேசுவது நின்றது. சந்தியாகு தினமும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரை உரக்கப் படிப்பார். விபத்து, மரணம் எல்லாவற்றையும் தாண்டிவிடுவார். தேங்காய் விலையை மட்டும் தோப்புக்குப் போய்ப் படித்துவிட்டு வருவார்.

குளிர்ச்சிக்கு என்ன வழி என்று பேசிப் பார்த்ததில், எண்ணெய்க் குளியலைவிடச் சிறந்தது இல்லை என்று முடிவானது. சனிக்கிழமை காலை நல்லெண்ணெய் வைத்து, கழுத்திலிருந்து கீழே வரை நீவி, சீயக்காய் போட்டுத் தேய்த்தார்கள். தேய்த்த வேகத்தில் பிரெஞ்சு எழுத்துப் போட்ட காகிதம் இஞ்ஞாசியின் கையோடு வந்துவிட்டது.

"சட்டை கிழிஞ்சு போச்சுண்ணே."

"பழைய சட்டை. போகட்டும். வெறும் உடம்போட விடாதே."

லாசர் தன் புதுக் கைக்குட்டையை எடுத்துப் பெரியவருக்கு வேட்டியாகக் கட்டிவிட்டான். சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஏதோ கூட்டம் என்பதால் செசீலி அன்றைக்கு வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கதை இவ்விடத்திலேயே முடிந்திருக்கும்.

ஞாயிறு காலை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து மெதுவாக வாயைத் திறந்தார்கள். பிறகு மூச்சு விடுவதற்காகக் காத்திருந்தார்கள்.

பெரியவர் மூச்சு விடவில்லை.

லாசர் ஒரு கோழி இறகை வாயருகே பிடித்தான். இறகு அசையவில்லை. முகம் பார்க்கிற கண்ணாடியைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஆவி படியவில்லை.

"இழுத்து உள்ள வச்சிருக்கார்போல" என்றார் சந்தியாகு. "பெரியவங்க நிதானமாத்தான் விடுவாங்க."

"இவ்வளவு நேரமா?"

இஞ்ஞாசி முதலுதவி தெரிந்தவன்; அதாவது, ஒருவருக்குச் செய்ததைப் பார்த்தவன். குனிந்து பெரியவர் வாயில் வாய் வைத்து ஊதினான். உள்ளேயிருந்து "ஊம்ம்ம்" என்று ஒரு சத்தம் வந்தது.

"முனகுறார்!"

மறுபடி ஊதினான். மறுபடி முனகினார். ஊதுவதை நிறுத்தியதும் அவரும் நிறுத்திவிட்டார். சந்தியாகு தலையில் கை வைத்தார். "அதுதான் கடைசி மூச்சு. போயிட்டாரு."

லாசர் விசும்பினான். "என்னாலதான்ணே. நேத்துக் குளிப்பாட்டும்போது தேங்காய் விலை விழுந்ததைச் சொல்லிட்டேன்."

"நீ காரணமில்லடா" என்றான் இஞ்ஞாசி. அவன் முகம் மாறியிருந்தது. "ஊதும்போது கவனிச்சேன். பெரியவர் வாயில சாராய வாடை."

மூவரும் மாறி மாறி முகர்ந்து பார்த்தார்கள். சந்தேகமே இல்லை.

"நம்ம கட்டில்ல படுத்துக்கிட்டே குடிச்சிருக்காரு" என்றார் சந்தியாகு. "நம்ம கண்ணுல படாம. குடிகாரக் குடும்பத்துலயா தங்கச்சியக் குடுக்கப் பார்த்தோம்?"

ஆனாலும் சாவு சாவுதான். சுருள் கம்பியோடு வந்த தக்கையை வாயில் வைத்து, துணியால் வாய்க்கட்டுக் கட்டினார்கள். செசீலியின் தையல் மெஷினுக்கு மேல் கவிழ்க்கிற மரமூடி அளவு சரியாக இருந்தது. அதற்குள் வைத்து, சாமந்தி மாலை போட்டு, தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். யாரோ போய்விட்டார் என்று கேள்விப்பட்டு ஊர்ப் பெண்கள் வந்து உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்கள். யாரென்று கேட்பது மரியாதை இல்லை.

அந்த நேரத்தில்தான் செசீலி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். கூட்டத்தைப் பார்த்ததும் உள்ளே ஓடினாள். அண்ணன்களை எண்ணிப் பார்த்தாள், மூவரும் இருந்தார்கள். பிறகு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, இது சாராயப் பாட்டில்."

"எங்களுக்கும் வாடை வந்துச்சும்மா" என்றார் சந்தியாகு மெதுவாக. "செத்தவங்களப் பத்தித் தப்பாப் பேசக் கூடாது."

அவள் மேலே பேசுமுன் வாசலில் அமலோர் மிசேயும் பெர்னாரும் வந்து நின்றார்கள். சந்தியாகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எதிரே போனார்.

"சம்பந்தி, மனசைத் திடப்படுத்திக்குங்க. உங்க பெரியவர் காலையில தவறிட்டாரு. நாங்க ஒரு குறையும் வைக்கல. ஆனா அவர் குடிச்சிருக்காரு. இதை எங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்."

மிசேக்குப் பாதி காதில் விழுந்தது. விழுந்த பாதியும் புரியவில்லை. ஆனால் மாலைக்கு நடுவில் தன் பாட்டிலின் கழுத்தை அடையாளம் கண்டுகொண்டார். ஓடிப்போய் வாய்க்கட்டை அவிழ்த்து, கண்ணாடி டம்ளர் கேட்டு வாங்கி, கைக்குட்டை வேட்டியோடு பெரியவரைச் சாய்த்து ஊற்றினார். வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்தார். டம்ளருக்குள் மூக்கை விட்டார். ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டிக் கண்ணை மூடினார். அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்தினார்கள்.

மிசேயின் கண்ணில் நீர் கோத்திருந்தது. "இன்னும் உயிர் இருக்கு" என்றார்.

லாசர் சிலுவை போட்டுக்கொண்டான். மிசே ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றி, மூன்று டம்ளர்களை அண்ணன்மார் முன் நீட்டினார். "முதல்ல முகர்ந்து பாருங்க. அப்புறம் ஒரு வாய். அவசரப்படாம."

மூவரும் பின்வாங்கிப் போய்த் தென்னைமரத்தடியில் கூடிப் பேசினார்கள்.

"செத்தவரைக் குடிக்கிறதே பாவம்" என்றான் இஞ்ஞாசி. "இப்ப உயிர் இருக்குங்கிறாரு. உயிரோட இருக்கிறவரை எப்படிக் குடிக்கிறது?"

"கொஞ்சமாக் குடிச்சா அவருக்குத் தெரியாதே" என்றான் லாசர்.

"வயசானவங்களுக்குக் கொஞ்சம் குறைஞ்சாலும் தெரியும்டா" என்றார் சந்தியாகு.

இதற்கிடையில் செசீலி பெர்னாரைப் பார்த்தாள். பெர்னார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். இதற்கு முன் வந்த வரன்கள் எல்லாம் அந்தத் திசையில்தான் பார்த்தார்கள் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. நேரே போய் முதல் டம்ளரை எடுத்து மடக்கென்று குடித்தாள். இரண்டாவதையும் குடித்தாள். மூன்றாவதையும் குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"மூணு அண்ணன், மூணு வாய். எங்க பக்கம் பேச்சு முடிஞ்சுது மாமா."

உருட்டாமல், முகராமல் தொண்டையில் இறங்கிப்போன அந்த ஒயினை நினைத்து மிசே ஒரு கணம் துடித்துப்போனார். ஆனால் வாக்கு வாக்குதான். மீதியை அவரும் மகனும் குடித்தார்கள். பெர்னார் அவளைப் பார்த்துச் சிரித்தான். பிறகு பஸ் ஸ்டாண்ட் பக்கம் பார்க்கவே இல்லை.

கிளம்பும்போது மிசே சந்தியாகுவின் தோளைத் தட்டினார். "வருத்தப்படாதீங்க தம்பி. இதோட ஜோடி ஒண்ணு எங்க வீட்டு அலமாரியில இருக்கு. கல்யாணத்தன்னிக்குப் பார்த்துக்கலாம்."

மிசே தலை மறைந்ததும் சந்தியாகு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஜோடி இருக்காமேடா. அந்த அம்மாவுக்கு யாருடா சொல்றது?"

செசீலி நாகப்பட்டினம் போனதும், மறுநாளே மூவரும் ஒரு வெள்ளைக் கோடிச் சேலை எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் பஸ் ஏறினார்கள். மிசே வெளியே போயிருந்ததால் வேலைக்காரப் பெண்தான் அலமாரியைத் திறந்து காட்டினாள். மூவரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து அதன் முன் தரையில் உட்கார்ந்தார்கள். சந்தியாகு தொண்டையைச் செருமிக்கொண்டு நடந்ததையெல்லாம் பதமாக எடுத்துச் சொன்னார். குளிப்பாட்டியதைச் சொன்னார், குடித்திருந்ததை மட்டும் மறைத்தார்.

அலமாரியிலிருந்து ஒரு பதிலும் இல்லை.

"அண்ணே" என்று லாசர் காதோடு சொன்னான். "அந்த அம்மாவும் பிரான்சுல இருந்து வந்தவங்கதானே. தமிழ் தெரியாது."

"எனக்குப் பிரெஞ்சு தெரியாதேடா."

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். இஞ்ஞாசிக்குத்தான் வழி தோன்றியது.

"மிசே பிரெஞ்சு பேசும்போது பார்த்திருக்கேன். எல்லாம் மூக்கால வருது. அவ்வளவுதான் வித்தியாசம்."

சந்தியாகு கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.