பூவிழிக்கு இருந்த ஒரே கேள்வி

கொற்றித்தீவு என்று ஒரு தீவு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அக்கரையில் உள்ள பெரிய நாட்டோடு சேர்ந்தே இருப்பதா, பிரிந்து தனி நாடாவதா என்று அங்கே வாக்கெடுப்பு நடக்கப்போகிறது. அதற்கு முன் தொலைக்காட்சியில் விவாதங்கள். பிரிவதற்காகப் பேசுகிறவர் வழக்கறிஞர் தனஞ்செயன். சிறு வயதிலேயே அக்கரைக்குப் படிக்கப் போய், தலை நரைத்தபின் திரும்பி வந்தவர். சேர்ந்திருப்பதற்காகப் பேசுகிறவர் மருத்துவர் சலோமி. நடுவில் உட்கார்ந்து விவாதத்தை நடத்துகிறவள் பூவிழி.

முன்பு அந்த நாற்காலியில் இருந்தவர், தனஞ்செயன் பேசும்போது ஒருமுறை புன்னகைத்துவிட்டார். யாரைக் கேலி செய்தார் என்று ஒரு வாரம் தீவே சண்டை போட்டது. அதனால் பூவிழியிடம் இரு தரப்பும் சத்தியம் வாங்கிக்கொண்டன. அவள் தன் கருத்தைச் சொல்லக் கூடாது. எவர் பேச்சையும் பொய் என்றோ மெய் என்றோ சொல்லக் கூடாது. வெளியிலும் எந்தத் தரப்புக்கும் ஒரு தகவல்கூடக் கொடுக்கக் கூடாது. கடைசி விவாதத்தில் மட்டும் இருவரிடமும் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்கலாம். சத்தியத்தை மீறினால் வாக்கெடுப்பின் முடிவையே ஏற்கமாட்டோம் என்று இருவரும் அறிவித்திருந்தார்கள்.

விவாதங்கள் நடந்துகொண்டிருந்த நாட்களில் ஒரு மாலை. பூவிழியின் அம்மா விளக்கேற்றி வாசற்கதவைத் திறந்து வைத்தபோது, கழுத்தில் அட்டை தொங்க இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். தனஞ்செயன் அக்கரையிலிருந்து வரவழைத்த கருத்துக்கணிப்பு ஆட்கள்.

“தனி நாடு வேணுமாங்க?”

பூவிழியின் அப்பா, சேர்ந்திருக்க வேண்டும் என்று டீக்கடையில் தொண்டை கட்டும்வரை கத்துகிறவர். கதவு நிலையைப் பிடித்தபடி அவர், “வேணும் தம்பி, வேணும். தண்ணி குடிச்சிட்டுப் போங்க,” என்றார்.

அவர்கள் போனதும் பூவிழிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “என்னப்பா, கட்சி மாறிட்டீங்களா?”

“சும்மா இரு. விளக்கு வச்ச நேரத்துல வாசலுக்கு வந்தவங்ககிட்ட அந்தச் சொல்லை எந்த வாயால சொல்றது?”

கொற்றித்தீவில் யாரும் சொல்லமாட்டார்கள். விளக்கு எரியும்போது ‘இல்லை’, ‘வேண்டாம்’ என்ற சொற்கள் அங்கே வாயில் வராது. அரிசி தீர்ந்துபோயிருந்தால் ‘நிறைஞ்சிருக்கு’ என்பார்கள். மாலையில் பெண் பார்க்க வந்தவர்களுக்குச் சொன்ன சம்மதம்கூடச் செல்லாது. மறுநாள் பகலில் வந்து இன்னொரு முறை கேட்க வேண்டும்.

சில நாட்களில் கணிப்பு வெளியானது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் தனி நாடு கேட்கிறார்களாம்; மீதி வீடுகள் பூட்டியிருந்தனவாம். அப்பா டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

“அதெல்லாம் பகல்ல கேட்டிருப்பாங்க. நம்ம வீட்டுக்கு மட்டும்தான் விளக்கு வச்ச நேரத்துல வந்துட்டாங்க. ஊரே வேணும்னு மனசாரச் சொல்லும்போது நான் ஒருத்தன் மட்டும் எதுக்கு? நானும் அதுக்கே போட்டுடறேன்.”

எதிர்வீட்டுக் கற்பகம் அக்காவும் கிணற்றடியில் பூவிழியிடம் இதையேதான் முணுமுணுத்தாள். மீன் சந்தையில் அரசியல் பேச்சே அடங்கிவிட்டது. சேர்ந்திருக்க நினைத்த ஒவ்வொரு வீடும், தான் மட்டுமே மரியாதைக்குத் தலையாட்டியதாகவும் மற்ற வீடுகள் எல்லாம் உண்மையைச் சொன்னதாகவும் நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டது. சலோமி, “இந்தக் கணக்கு சரியில்லை,” என்றார். ஏன் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. “தோக்கப்போறவங்க வேற என்ன சொல்வாங்க, டாக்டர்?” என்று தனஞ்செயன் கைதட்டல் வாங்கினார்.

பூவிழியின் மனதில் இருந்தது தனி நாடுதான். பேசாமல் இருந்தாலே அவள் விரும்பியது நடந்துவிடும். ஆனால் அப்பா தினமும் மாலையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவதை அவள் பார்த்தாள். ஊரில் பலர் மனதார விரும்பாத ஒரு நாடு பிறக்கப்போகிறது. அதை வெளியே சொன்னால் சத்தியம் உடையும், வாக்கெடுப்பும் அதோடு போகும்.

கடைசி விவாதம் வந்தது. தீவு முழுவதும் தொலைக்காட்சிக்கு முன்னால். பூவிழி சலோமியிடம் மருத்துவமனைகளைப் பற்றிக் கேட்டாள். பிறகு தனஞ்செயன் பக்கம் திரும்பினாள். அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரே கேள்வி.

அதைக் கேட்டாள். அதில் கருத்து இல்லை, குற்றச்சாட்டு இல்லை, தீவின் வழக்கத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. தனஞ்செயன் உண்மையாகவே, கொஞ்சம் பெருமையோடும், பதில் சொன்னார். அடுத்த நிமிடம் தீவில் எல்லோருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது.

பூவிழி கேட்ட கேள்வி என்ன?

*

விடை: “உங்கள் ஆட்கள் எந்த நேரத்தில் வீடுகளுக்குப் போனார்கள்?”

“எல்லாரும் வீட்ல இருக்கணும் இல்லையா? ஒரு வீடு பாக்கியில்லாம, விளக்கு வச்ச பிறகுதான் போகணும்னு சொல்லி அனுப்பினேன்,” என்றார் தனஞ்செயன். பார்வையாளர் வரிசையில் யாரோ இருமினார்கள். பிறகு ஒரு சிரிப்பு, அதன்பின் அரங்கம் முழுக்கச் சிரிப்பு. எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. வீட்டில் பூவிழியின் அப்பா, “அடப்பாவிகளா, எல்லாருமா!” என்று எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்கு ஓடினார். மறுநாள் சந்தையில் பழையபடி சண்டை. இரண்டு பக்கமும் சம பலம்.

அன்று மாலை தனஞ்செயன் பூவிழியின் வாசலில் வந்து நின்றார். “எனக்கு எதிராத்தானேம்மா அந்தக் கேள்வியைக் கேட்டே?”

உண்மையான பதில் ஒரே சொல்தான். அம்மா அப்போதுதான் விளக்கேற்றியிருந்தாள்.

“நாளைக்குப் பகல்ல வந்து கேளுங்க, சார்,” என்றாள் பூவிழி.