சிவப்பு இறங்காத எண்ணெய்

"ஏழு மாசமா உங்க பின்னாடியே நடக்கறேன். கொப்பரையை மட்டும் தொட விட மாட்டேங்கறீங்களே, மாஸ்டர்?"

கேட்டவர் கோதண்டம். வயது ஐம்பத்தொன்று. பருத்திவிதை எண்ணெய் ஆலையில் பரிசோதனைக்கூடம் அவர் பொறுப்பு. அடுத்த மாதம் அந்தக் கூடத்தை மூடுகிறார்கள்.

மாஸ்டர் ரெஜினாவுக்கு முப்பத்தாறு. எண்ணெயைச் சுத்தம் செய்யும் இரும்புக் கொப்பரை அவர் கையில். அவரும் அடுத்த மாதம் வேறு ஆலைக்குப் போகிறார். அந்த இடத்துக்கு யார் என்று அவர்தான் சொல்ல வேண்டும். கொப்பரை கிடைத்தால் கோதண்டத்துக்கு வேலை உண்டு. இல்லையென்றால் வீடு.

"உங்களுக்கு என்னண்ணே தெரியும்?" என்றார் ரெஜினா.

கோதண்டம் நிமிர்ந்தார்.

"நூறு பங்குல லினோலியிக் அமிலம் ஐம்பத்திரண்டு. பால்மிடிக் இருபத்துநாலு. ஒலியிக் பதினெட்டு. கெட்டுப் போகாம காக்க வைட்டமின் ஈ. சிவப்புக்கும் கசப்புக்கும் காசிப்பால்னு ஒரு சாயம். அது விஷம். பூச்சி தின்னாம இருக்க செடியே விதைக்குள்ள வெச்சுக்கறது. காஸ்டிக் சோடா விட்டா அது கசடோட இறங்கிடும். மேல மஞ்சளா நிக்கறது சமையலுக்கு. சிப்ஸ் பொரிக்கலாம், வனஸ்பதி பண்ணலாம். குளிர வெச்சு வடிகட்டினா ஃபிரிட்ஜ்ல கூடக் கலங்காது. கசடு சோப்புக்கு. புண்ணாக்கு மாட்டுக்கு."

"மூச்சு விட்டுக்குங்க."

"ஏதாவது தப்பா?"

"ஒண்ணும் தப்பில்ல."

ரெஜினா சின்னக் கொப்பரையைக் காட்டினார். எக்ஸ்பெல்லரில் அப்போதுதான் பிழிந்த எண்ணெய், பத்து டின், பக்கத்துத் தொட்டியில் இருந்தது. காப்பி டிகாஷன் நிறம்.

"மஞ்சளாக்கிக் காட்டுங்க. கொப்பரை உங்களுக்கு."

அன்று வெள்ளிக்கிழமை.

கோதண்டம் எண்ணெயில் அமிலம் எவ்வளவு என்று பார்த்தார். அதை வைத்துத்தான் காஸ்டிக்குக்குக் கணக்கு. ஒரு எண் வந்தது. மறுபடி பார்த்தார். கொஞ்சம் வேறு எண் வந்தது.

மூன்றாவது எண் இரண்டோடும் ஒட்டவில்லை.

எண்ணெய் இறுகிவிடாமல் இருக்க, தொட்டிக்கு நீராவி விட்டுச் சூட்டிலேயே வைத்தார். சனிக்கிழமை கண்ணாடிக் குழாய்களை எல்லாம் கழுவினார். ஞாயிறு லீவிலும் வந்தார். பதினோரு எண்களைக் கூட்டிச் சராசரி எடுத்தார்.

பாய்லர்காரர் செல்லக்கனி எட்டிப் பார்த்தார். "என்னய்யா, எண்ணெய்க்கு ஜாதகம் பாக்கறீரா?"

கோதண்டம் அடுத்த குழாயை எடுத்தார்.

ரெஜினா தினமும் அந்த வழியாகப் போனார். தொட்டியைத் தொட்டுப் பார்த்தார். போனார்.

திங்கட்கிழமை கோதண்டம் எண்ணெயைச் சின்னக் கொப்பரைக்கு மாற்றிக் காஸ்டிக் விட்டார். ஒரு சொட்டு கூடவோ குறையவோ இல்லை. கலக்கினார். கசடு அழகாக இறங்கியது. வெந்நீரில் இரண்டு தடவை அலசினார். வெளுக்கும் மண் போட்டு வடிகட்டினார்.

எண்ணெய் சிவப்பாகவே இருந்தது.

இன்னும் மண் போட்டார். இன்னும் சிவப்பு.

"காஸ்டிக் சரியில்ல, மாஸ்டர்."

ரெஜினா எக்ஸ்பெல்லரின் வாயில் ஒரு சொம்பைப் பிடித்தார். கறுத்த எண்ணெய் ஆவியோடு விழுந்தது. கோதண்டம் விட்ட அதே காஸ்டிக்கை எடுத்துக் கண்ணளவாக ஊற்றினார். மரக்கரண்டியால் கலக்கித் தரையில் வைத்தார்.

இருவரும் டீ குடித்தார்கள்.

கசடு அடியில் தங்கியிருந்தது. ரெஜினா தெளிவை ஒரு கண்ணாடி டம்ளரில் வடித்து ஜன்னலில் வைத்தார்.

மஞ்சள்.

கோதண்டம் டம்ளரையே பார்த்தார். அப்புறம் தொட்டியின் நீராவிக் குழாயைப் பார்த்தார்.

"சூட்டுல கிடந்தா அந்தச் சாயம் எண்ணெயோட ஒட்டிக்கும். அப்புறம் எதுக்கும் அசையாது," என்றார் மெதுவாக. "படிச்சிருக்கேன். அடிக்கோடு கூடப் போட்டிருக்கேன்."

"ம்."

"மூணு நாளும் பாத்துக்கிட்டே போனீங்களே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா இன்னொரு அடிக்கோடு போட்டிருப்பீங்க."

கோதண்டத்துக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"பத்து டின் எண்ணெய் போச்சு."

"எங்க போச்சு? சோப்புக்காரர் எடுத்துக்குவார். துணிக்குச் சிவப்பும் மஞ்சளும் தெரியவா போகுது?"

கோதண்டம் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தார். பொத்தான்களைப் போட்டார். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டினார்.

"எங்கண்ணே கிளம்பிட்டீங்க?"

"வீட்டுக்கு."

"பெரிய கொப்பரைக்குப் போற அந்த எண்ணெய்க் குழாயைத் தொட்டுட்டுப் போங்க."

தொட்டார். கையை உதறினார். பெரிய எக்ஸ்பெல்லரிலிருந்து புது எண்ணெய் இறங்கிக்கொண்டிருந்தது. பத்து டின் இல்லை. பெரிய கொப்பரை நிறைய.

கோதண்டம் பையைக் கீழே போட்டார். ஒரு குப்பி எண்ணெய் பிடித்துக்கொண்டு பரிசோதனைக்கூடத்துக்கு ஓடினார்.

கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். மூச்சு வாங்கியது. கையில் ஒரே ஒரு எண்.

"ஒரு தடவைதான் பாத்தேன், மாஸ்டர். காஸ்டிக் விடட்டுமா?"

ரெஜினா படியிறங்கிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"உங்க கொப்பரைக்கு நான் யாருண்ணே சொல்றதுக்கு?"