சுவர்ப் பாசி யாருக்காகக் காத்திருக்கிறது

அந்தக் காலத்தில் ஓணானும் பேசும், காக்கையும் பேசும், கிணற்றுப் பாசிகூட வாய் திறந்து பேசும். பாசி அப்போது வெயிலையே கண்டதில்லை. கிணற்றுக்குள்ளே, படிக்கல்லுக்கு அடியில் பிறந்து, ஈரத்தோடு ஈரமாக இருந்துவிட்டுப் போகும். வெயில் பட்டால் ஒரு நாழிகை தாங்காது. அப்படி ஒரு நோஞ்சான் உயிர் அது.

மலையடிவாரத்தில், கல்லை அடுக்கிச் சுவர் கட்டிய ஓர் ஊர். மூன்று வருடமாக மழை இல்லை. முதல் வருடம் ஆடுமாடு போயிற்று. அடுத்த வருடம் வயதானவர்கள். மூன்றாம் வருடம் சாவு தொட்டிலுக்கு வந்துவிட்டது.

வெள்ளத்தாய் என்று ஒருத்தி அங்கே இருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து, அம்மனுக்கு நேர்ந்து பெற்ற ஒரே பெண்குழந்தை அவளுக்கு. குழந்தை அழுவதை நிறுத்தி இரண்டு நாளாயிற்று. அழாத பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படிப்பட்டது என்று பெற்றவளுக்குத்தான் தெரியும்.

கொட்டாங்குச்சியை எடுத்துக்கொண்டு கிணற்றில் இறங்கினாள். அடிவரை வெடித்த மண். கடைசிப் படியின் இடுக்கில் மட்டும் உள்ளங்கை அளவு பாசி, பச்சையாக.

"யாரு?" என்றது பாசி.

"நான்தான், வெள்ளத்தாயி."

"போன ஆடியில தொடப்பத்தால என்னைத் தேய்ச்சு எடுத்தியே, அந்த வெள்ளத்தாயியா?"

"அவதான். வழுக்கி விழுந்த கோவத்துல தேய்ச்சேன். அதுக்கு இப்பக் கால்ல விழுறேன். பிள்ளைக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. உங்கிட்ட ஈரம் இருக்கா?"

பாசி தன்னையே ஒரு முறை பார்த்துக்கொண்டது. கிணற்றில் மிச்சமிருந்த ஈரமெல்லாம் அதன் உடம்பில்தான் இருந்தது. அதைக் கொடுத்தால் உயிரையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி.

"உன் பிள்ளை அழுதா எனக்கு இங்க கேக்கும்," என்றது கடைசியில். "ரெண்டு நாளாக் கேக்கலை. என்னைப் பேர்த்து எடு. பிழிஞ்சுக்கோ."

வெள்ளத்தாய் அதைப் பெயர்த்துக் கொட்டாங்குச்சியில் வைத்து மேலே கொண்டுவந்தாள். வீட்டுச் சுவரோரம் உட்கார்ந்து, பிள்ளையின் வாய்க்கு நேரே பிழிந்தாள். சொட்டுச் சொட்டாக விழுந்தது. குழந்தையின் தொண்டை அசைந்தது. பிறகு பூனைக்குட்டி மாதிரி ஓர் அழுகை. அந்தச் சத்தத்தைக் கேட்டு வெள்ளத்தாய் சிரித்தாள், பாசியும் கேட்டது.

அதற்குள் புருசன் இருளப்பன் மூட்டையோடு வந்து நின்றான். "ஊரே மேற்க போயாச்சு. ஆத்துக்கு மூணு நாள் நடை. கிளம்பு."

"இந்தப் பாசியைக் கிணத்துல விட்டுட்டு வந்துடுறேன்."

"கிணத்துல மட்டும் என்ன இருக்கு? அங்கயும் மண்ணுதான். வா."

வேறு வழியில்லாமல் பாசியைச் சுவர்க்கல் இடுக்கில் செருகினாள்.

"இங்க வெயிலடிக்குமே, தாயி?" என்றது பாசி.

திரும்பி வரப்போவதில்லை என்று வெள்ளத்தாய்க்குத் தெரியும். அவள் சொல்லியிருக்க வேண்டியது 'போறேன்' என்றுதான். ஆனால் அந்தச் சொல் நம் வாயில் வருமா? இழவு வீட்டில்கூடச் சொல்லாமல்தானே எழுந்து போகிறோம்.

"போயிட்டு வாரேன். தண்ணி கொண்டாரேன். அதுவரைக்கும் இரு," என்று சொல்லிவிட்டாள்.

பாசி கிணற்றைத் தவிர ஒன்றும் அறியாதது. மனுசர்கள் வராவிட்டாலும் 'வாரேன்' என்பார்கள் என்று அதற்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

"இருக்கேன்," என்றது.

வெயில் ஏறியது. கல் அடுப்பாகக் கொதித்தது. பாசி இலைகளைக் கூப்பிய கைபோல மூடிக்கொண்டு, சுருங்கி, கறுத்து, கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டது.

சுவர்மேல் இருந்த ஓணானுக்குச் சிரிப்பு. "அட பைத்தியமே, அவளாவது வரவாவது! அது மனுசங்க பேச்சு. வாசலைத் தாண்டுற எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. நீ நிம்மதியா செத்துப் போ."

"இருன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. வருவா."

தினமும் ஓணான் கேலி செய்யும். தினமும் பாசி அதையே சொல்லும். பிறகு சொல்லக்கூடத் தெம்பில்லாமல் போயிற்று.

ஒரு நாள் மேற்கேயிருந்து காக்கை வந்தது. "வெள்ளத்தாயி ரெண்டாம் நாளே வழியில விழுந்துட்டா," என்று ஓணானிடம் சொன்னது. "கிடைச்ச ஒரு வாய்த் தண்ணியையும் பிள்ளைக்கே ஊத்திட்டா. பிள்ளை பிழைச்சுக்கிச்சு, அப்பன் தூக்கிட்டு நடந்துட்டான். புதைக்கக்கூட ஆள் நிக்கலை."

இறுக மூடிக் கிடந்த பாசியின் காதில் அது விழவில்லை. ஓணான் அன்றைக்குக் கேலி செய்யவில்லை.

அடுத்த ஐப்பசியில் மழை வந்தது. காலி ஊரின்மேல் பெய்தது. முதல் சொட்டு சுவரில் பட்டதும் கறுத்துக் கிடந்த பாசி சிலிர்த்து, கண்மூடித் திறப்பதற்குள் பச்சையாகி எழுந்தது.

"தண்ணி வந்துடுச்சு! வெள்ளத்தாயி வந்துட்டாளா?"

தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. ஓணான் நனைந்துகொண்டு நின்றது. உண்மையைச் சொல்ல வாய் திறந்தது. முடியவில்லை.

"வருவாளா?" என்றது பாசி மறுபடி.

ஓணான் தலையை மேலும் கீழும் ஆட்டியது.

அன்று முதல்தான் பாசி வெயில் சுவரில் கருகிக் கிடந்தும் சாகாமல், ஒரு கை தண்ணீர் பட்டால் அவள்தான் வந்துவிட்டாள் என்று பச்சையாக எழுந்து பார்க்கிறது; சுவர்மேல் ஓணானும் இன்றுவரை வாய் பேசாமல் தலையாட்டிக்கொண்டே இருக்கிறது.