ஃபயர் சார் வளர்த்த போகன்வில்லா

இந்தக் கதையில் ஒருவர் வசமாக ஏமாறுகிறார். அந்த இடம் வந்தால் கண்டிப்பாகச் சிரிப்பீர்கள். ஆனால் அது இப்போதைக்கு வராது. அதற்கு முன்னால் ஒரு கேட் வரவேண்டும், ஒரு தீயணைப்பு வீரர் வரவேண்டும், மூன்று செடிகள் வரவேண்டும்.

அருப்புக்கோட்டைக்குத் தெற்கே கரிசல் காட்டுக்கு நடுவில் வடிவம்மாவின் ஆசிரமம். ஆசிரமம் என்றால் இரண்டு ஓட்டுக் கட்டடம், ஒரு வேப்பமரம், ஒரு போர்வெல், அதற்கொரு பம்ப் ரூம். வடிவம்மாவுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. வெளியூரிலிருந்தெல்லாம் அவரிடம் கேள்வி கேட்க வருவார்கள். பதில் சொல்வதைவிட வேலை கொடுப்பதுதான் அதிகம். கேள்வியோடு வந்தவர் வெங்காயம் உரித்துவிட்டுப் போவார்.

எங்கள் வீடு எதிரே. பள்ளிக்கூடம் விட்டதும் நானும் அவருடைய சீடப்பெண். சுண்டலுக்காகப் போகிறேன் என்று ஊரில் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை.

எனக்கு யார் குரலும் வரும். மினிபஸ் கண்டக்டர், ரேஷன் கடைக்காரர், தேர்தல் ஆட்டோ, தாய்ப்பசுவைத் தேடும் கன்றுக்குட்டி. எங்கள் தலைமையாசிரியை குரலில் ஒருநாள் ஜன்னலுக்கு வெளியே நின்று லீவு விட்டேன். பாதி வகுப்பு வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. வடிவம்மா குரல் இன்னும் சுலபம். சொல்லுக்குச் சொல் மூச்சை நிறுத்தினால் போதும்.

மாசியில் திருமேனி சார் வந்தார். தீயணைப்பு நிலையத்தில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெஞ்சை நிமிர்த்தி நடப்பார். எங்கே உட்கார்ந்தாலும் வாசல் தெரிகிற மாதிரி உட்காருவார். நான் அவருக்கு ஃபயர் சார் என்று பெயர் வைத்தேன்.

"மக பேசமாட்டேங்கிறாம்மா" என்றார்.

மகள் தேன்மொழி ஓசூரில் வேலை பார்க்கிறாள், விடுதியில் இருக்கிறாள். இவர் காலையில் கூப்பிடுவார், மதியம் கூப்பிடுவார், ராத்திரி கூப்பிடுவார். சிலிண்டரை மூடினாயா, அவசர வழி எந்தப் பக்கம், சார்ஜர் சூடாகிறதா, படிக்கட்டில் யாரும் சாமான் அடுக்கியிருக்கிறார்களா. ஆரம்பத்தில் பதில் சொன்னாள். அப்புறம் 'ம்' மட்டும் சொன்னாள். இப்போது எடுப்பதே இல்லை. பொங்கலுக்கும் வரவில்லை.

"நான் என்னம்மா தப்பு பண்ணினேன்?"

வடிவம்மா கேட்டைப் பார்த்தார். வெறும் சிமெண்ட் தூண், வெறும் மண்.

"அக்னி நட்சத்திரம் தொடங்குற அன்னைக்கு அங்க நீர்மோர்ப் பந்தல் போடுவோம். வெயில்ல வர்ற சனம் அங்கதான் நிக்கும். கண்ணுக்கு ஒரு கலர் இல்ல. அன்னைக்குப் பூத்து நிக்கிற மாதிரி செடி பார்த்து வைங்க. பூத்ததும் இதே கேள்வியைக் கேளுங்க."

ஃபயர் சார் சல்யூட் அடித்து, ஆசிரமத்திலேயே தங்கிவிட்டார். மறுநாளே ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. ரோஜா, டேலியா, இன்னும் பெயர் தெரியாத ஊதா, வெள்ளை. தொட்டிக்குத் தொட்டி பூ. நர்சரியில் பூத்திருந்த ஒன்றையும் விடவில்லை போலிருக்கிறது. எனக்குக் கை தட்டத் தோன்றியது.

வடிவம்மா ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தார்.

"இது எப்பப் பூத்தது?"

"இப்பத்தாம்மா."

"இப்ப மாசி."

ஃபயர் சார் நர்சரிக்காரருக்குப் போன் போட்டு, சித்திரையிலும் இதெல்லாம் இப்படியே நிற்குமா என்று கேட்டார். சித்திரைக்குச் சித்திரையில் வந்து வேறு வாங்கிக்கொள்ளுங்கள் சார் என்று அந்தப் பக்கம் பதில் வந்தது. லோடு ஆட்டோ திரும்பிப் போனது.

"உச்சி வெயில்ல ஊரைச் சுத்திப் பாருங்க. யாரும் செடி வளர்க்காத இடமாப் பாருங்க" என்றார் வடிவம்மா.

சனிக்கிழமை மத்தியானம் ஃபயர் சாருடைய மொபெட்டில் நானும் தொற்றிக்கொண்டேன். தலை கொதித்தது. எவ்வளவோ காலமாகப் பூட்டிக் கிடக்கும் நூற்பாலைப் பக்கம் திரும்பியதும் அவர் சடாரென்று வண்டியை நிறுத்தி, இறங்கி, மணல் வாளி இருக்கிறதா என்று சுற்றுமுற்றும் தேடினார். தப்பு அவர்மேல் இல்லை. தூரத்தில் பார்த்தால் தீதான். வாட்ச்மேன் கொட்டகைமேல் ஏறி, கூரை தெரியாமல் கொழுந்துவிட்டு நின்றது போகன்வில்லா. வாட்ச்மேனே இல்லாத கொட்டகை அது.

"இதான்" என்றார். "பாண்டி, இதான்."

நான் பாண்டீஸ்வரி. அவருக்குப் பாண்டி.

அப்புறம் எங்களுக்கு வெறி பிடித்துவிட்டது. ரயில்வே கேட் ஓரத்தில் மயில்கொன்றை, சிவப்பும் மஞ்சளுமாக. டீக்கடைக்குப் பின்னால், கண்ணாடி கிளாஸ் அலம்பிய தண்ணீர் ஓடும் இடத்தில் இட்லிப்பூ, கொத்துக் கொத்தாக ஆரஞ்சு. கலரைப் பார்த்தோமே தவிர, எது எங்கே நிற்கிறது என்று இருவரும் பார்க்கவில்லை. மூன்றிலும் ஓரளவு வளர்ந்த செடியாக ஒவ்வொன்று வாங்கி கேட் ஓரத்தில் வைத்தோம். போகன்வில்லா தூணுக்குப் பக்கத்தில்.

சிரிப்பு இன்னும் வரவில்லை. பொறுங்கள்.

ஃபயர் சார் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று சொல்லமாட்டார். "லைன் போடு" என்பார். நான் போய் பம்பைப் போட வேண்டும். அவர் ஒரு காலை முன்வைத்து, ஓஸ் குழாயை இடுப்பில் அணைத்து, செடியின் அடியைக் குறிபார்த்து அடிப்பார். காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை.

பங்குனியில் இட்லிப்பூ மொட்டு விட்டது. மயில்கொன்றை தோளுக்கு வந்தது. போகன்வில்லா தூணைத் தாண்டி, கேட் வளைவைத் தாண்டி, எதிரே எங்கள் வீட்டை எட்டிப் பார்த்தது. இலை. அதற்குமேல் இலை. பூ என்று ஒன்றுகூட இல்லை.

தாகமாக இருக்கும் என்று நினைத்து அவர் இன்னும் கொஞ்சம் சேர்த்து ஊற்றினார்.

தண்ணியைக் குறைங்க என்று வடிவம்மா மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் ஃபயர் சார் சரிங்கம்மா என்றார். மதியத் தண்ணீரை நிறுத்திவிட்டு, அந்தப் பங்கையும் சாயங்காலத்தில் சேர்த்து அடித்தார். இலை வாடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவரால் முடியவில்லை. அக்னி நட்சத்திரம் நெருங்க நெருங்க மனிதர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். செடி பூக்காவிட்டால் கேள்வியைக் கேட்க முடியாது. கேள்வியைக் கேட்காவிட்டால் மகள் பேசமாட்டாள். அவர் கணக்கு அது.

சித்திரை பிறந்தால் வடிவம்மா மௌனம் இருப்பார். அக்னி நட்சத்திரம் தொடங்குகிற அன்றுதான் வாய் திறப்பார். மௌனத்துக்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டார்.

"நாளைலேருந்து நான் பேசமாட்டேன். உன் வாய் எனக்குத் தெரியும். என்ன வேணாலும் பண்ணு. என் குரல்ல திருமேனிகிட்டப் போய், போகன்வில்லாவுக்குத் தண்ணி ஊத்தாதீங்கன்னு மட்டும் சொல்லிடாத. மனுஷன் தாங்கமாட்டாரு."

"சேச்சே. நான் எதுக்கும்மா அப்படிச் சொல்லப்போறேன்?" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை எனக்கு அந்த யோசனையே இல்லை.

சித்திரை இரண்டாம் நாள். மத்தியானம். எல்லோரும் படுத்திருந்தார்கள். வெயிலைப் பார்த்து மனசு கேட்காமல் ஃபயர் சார் மதியத்திலும் ஓஸைத் தூக்கி இடுப்பில் வைத்தார். நான் பம்ப் ரூமுக்குப் பின்னால் நின்று, மூச்சை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"திருமேனி. அந்தச் செடிக்கு. இனிமே தண்ணி. வேணாம்."

ஓஸ் கீழே விழுந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் நின்ற அழகைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது.

"விசாரிக்கவும். வேணாம். தள்ளி. உட்காருங்க."

அவர் பம்ப் ரூமுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கவில்லை. அதன் பக்கத்து ஓலைத் தடுப்புக்குள் வடிவம்மா கண்மூடி உட்கார்ந்திருந்த திசையில் விழுந்து கும்பிட்டார். சாயங்காலம் என்னைத் தனியே கூப்பிட்டு, யாரிடமும் சொல்லக்கூடாது என்று தலையில் கை வைக்கச் சொல்லி, காதோடு சொன்னார்.

"அம்மா எனக்காக மௌனத்தை விட்டாங்க, பாண்டி."

நான் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டேன். நீங்கள் சிரிக்கலாம். ஆனால் நான் சொன்ன சிரிப்பு இது இல்லை.

அன்றிலிருந்து வேப்பமரத்தடியில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்தார், அவை எழுந்து ஓடிவிடாமல் இருக்க. போகன்வில்லா இலை தொங்கியது. அவர் முகமும் தொங்கியது. மற்ற இரண்டு செடிக்கும் குவளையில் மொண்டு ஊற்றினார். அதன் பக்கம் மட்டும் போகவே இல்லை.

ஒருநாள் தன் பட்டன் போனை எடுத்தார். தேன்மொழியின் பெயரை அழுத்தப் போனார். நிறுத்தினார். நேரே சமையலறைக்குப் போய் அதை அரிசி டிரம்முக்குள் வைத்து மூடினார்.

"என்ன சார்?"

"விசாரிக்கவும் வேணாம்னு சொன்னாங்கல்ல."

அதை நான் செடிக்குச் சொன்னேன். சும்மா ஒரு கொசுறுக்குச் சொன்னேன். இவர் பாட்டுக்கு மகளுக்கும் அதையே வைத்துக்கொண்டாரே. செடி பட்டுப்போனால்? அந்த அக்காவும் ஒரேயடியாக விட்டுப் போய்விட்டால்? மூன்று ராத்திரி எனக்கு யார் குரலும் வரவில்லை.

வடிவம்மாவிடம் ஓடினேன். எல்லாவற்றையும் கொட்டினேன். நான்தான் பேசினேன், உங்கள் குரலில் பேசினேன், போய் உண்மையைச் சொல்லிவிடட்டுமா. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மௌனம் அல்லவா. என் உள்ளங்கையில் ஒரு கை சுண்டலை வைத்து மூடிவிட்டு, மறுபடி கண்களை மூடிக்கொண்டார்.

போகச் சொன்னாரா, போகாதே என்றாரா? சுண்டலைத் தின்றுவிட்டு நானும் போய் ஃபயர் சாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அரிசி டிரம் பாடியது.

முதலில் இருவருக்கும் புரியவில்லை. புரிந்ததும் அவர் ஓடிய ஓட்டத்தில் வாளி உருண்டது. அரிசியோடு போனை அள்ளிக் காதில் வைத்தார். ஸ்பீக்கர் தானாக அழுந்திவிட்டது.

"என்னப்பா, உடம்புக்கு நல்லாத்தான இருக்கீங்க? ஒரு வாரமா போனையே காணோம்."

அவர் வாய் சிலிண்டர் என்று குவிந்தது. நான் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு அதை அப்படியே விழுங்கினார். போகன்வில்லாவைப் பற்றிச் சொன்னார். இலை தொங்குவதைச் சொன்னார். மணல் வாளி தேடிய கதையைச் சொன்னார். அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம் கேட்டது. வைப்பதற்கு முன்னால் அவளே சொன்னாள்.

"அப்பா. சிலிண்டரை மூடிட்டேன்."

அவர் வெகுநேரம் அரிசி பொறுக்கிக்கொண்டு இருந்தார். அன்றும் அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. இலை உதிர்ந்தது. மொட்டைக் கிளை நுனியில் ஒரு ரோஸ் புள்ளி. காலையில் பார்த்தால் நான்கு. பள்ளிக்கூடமும் இல்லை, நான் விடிந்ததும் கேட்டுக்கு ஓடுவேன். எனக்கு முன்னால் அவர் நிற்பார். இருவரும் எண்ணுவோம். பிறகு எண்ண முடியாமல் போனது. அக்னி நட்சத்திரத்தன்று தூண், வளைவு, மதில் எல்லாம் பற்றி எரிந்தது. மினிபஸ் நின்று, டிரைவர் இறங்கி வந்து பார்த்துவிட்டு அப்படியே மோரும் குடித்துவிட்டுப் போனார்.

வடிவம்மா வாய் திறந்தார். முதலில் மோரில் உப்பு போதாது என்றார்.

ஃபயர் சார் காலில் விழுந்தார். "எனக்காக மௌனத்தை விட்டீங்களேம்மா."

"நான் பேசலையே."

"பம்ப் ரூம் பக்கத்துலேருந்து…"

"அந்தக் குரல் சொல்லுக்குச் சொல் நின்னுச்சா?"

"ஆமாம்மா."

"நான் அவ்வளவு நிறுத்தியா பேசுறேன்?"

அவர் யோசித்தார். மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் வேப்பமரத்தில் காக்காய் பார்த்தேன். ஓங்கி ஒரு குட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். தீயணைப்பு வண்டி சங்கு மாதிரி தாழ்வாக ஆரம்பித்து மேலே மேலே போன சிரிப்பு. பந்தலில் நின்றவர்கள் மோர் டம்ளரோடு திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்க கேள்வி?" என்றார் வடிவம்மா.

"தேன்மொழி இந்த மாசக் கடைசியில வர்றாம்மா" என்றார் அவர். கேள்வியை மறந்தே போனார். மோர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார்.

இல்லை, நான் சொன்ன சிரிப்பு இதுவும் இல்லை. இதோ வருகிறது.

நான் வடிவம்மாவிடம் கேட்டேன். "நான் பாட்டுக்கு விளையாட்டுக்குச் சொன்னேன். அது எப்படியோ சரியாப் போச்சு. இல்லாட்டி என்ன ஆயிருக்கும்? நீங்களே அவர்கிட்ட இன்னொரு தடவை அழுத்திச் சொல்லியிருக்கலாம்ல?"

"மூணு தடவை சொன்னேன்."

"என்கிட்டயாவது, போய்ச் சொல்லுடின்னு சொல்லியிருக்கலாம்ல?"

அவர் கேட் ஓரத்தைப் பார்த்தார். பந்தல் வேலையில் காலையிலிருந்து இட்லிப்பூவை யாரும் கவனிக்கவில்லை. ஆரஞ்சுக் கொத்து தலை சாய்ந்திருந்தது.

"பாண்டி, நான் உள்ள போறேன். அந்த இட்லிப்பூவுக்கு மட்டும் நீ தண்ணி ஊத்திடாத."

"நான் எதுக்கும்மா ஊத்தப்போறேன்?"

அவர் உள்ளே போகும்வரை காத்திருந்தேன். பிறகு ஓடிப் போய், தொட்டியில் குவளையை முக்கி, யாரும் பார்க்காமல் இட்லிப்பூவின் அடியில் ஊற்றினேன். மண் குடித்தது. பாதி ஊற்றியிருப்பேன். கை அப்படியே நின்றது.

சித்திரைக்கு முந்தின நாள் அவர் என்னைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னது, அந்த 'மட்டும் சொல்லிடாத', சொல்லுக்குச் சொல் காதில் ஓடியது.

திரும்பிப் பார்த்தேன். வடிவம்மா உள்ளே போகவே இல்லை. கதவோரம் மோர் டம்ளரோடு நின்றிருந்தார்.

"மிச்சத்தையும் ஊத்து" என்றார்.