ஏழு பேர் கேட்ட சைக்கிள் பாதை

முன்னொரு காலத்தில், ராஜாக்கள் தேரில் போய்க்கொண்டிருந்தபோதே சைக்கிளும் வந்துவிட்ட ஒரு நாட்டை (எப்படி வந்தது என்று கேட்டால் கதை இங்கேயே நின்றுவிடும்) செங்கோடன் என்ற ராஜா ஆண்டுவந்தான். காலையில் கொடுத்ததைச் சாயங்காலம் பிடுங்குவான். பிடுங்கியதற்கு மறுநாள் வருத்தப்பட்டு மாலை போடுவான். அப்படியொரு மனசு.

நாட்டில் பாதி தேரிக்காடு. எங்கே பார்த்தாலும் செக்கச்செவேல் என்று மணல். அதன் நடுவில் உலகம்மை பஞ்சர் கடை வைத்திருந்தாள். அவளுடையதைத் தவிரத் தேரியில் ஆறே ஆறு சைக்கிள், அதுவும் ஆறு குடியிருப்பில். ஓட்டுகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. கடைக்கும் யாரும் வருவதில்லை. பஞ்சர் ஒட்ட இவள்தான் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போவாள். ஆமாம், தூக்கிக்கொண்டு! அந்த மணலில் சைக்கிள் அவளைச் சுமந்ததைவிட அவள் சைக்கிளைச் சுமந்ததுதான் அதிகம்.

வழியில் ஈ காக்கை இருக்காது. அதனால் அந்த ஆறு பேரில் ஒருத்தியான மருத்துவச்சி வெள்ளைத்தாய் குரலில் தன்னையே திட்டிக்கொள்வாள். இன்னொருவரான கருப்பட்டி விற்கும் தங்கப்பழத்தின் குரலில் அதற்குப் பதில் சொல்வாள். சிரிப்பு வரும். சிரித்து முடித்ததும் மணல் மட்டும் இருக்கும்.

ஒருநாள் டியூப் வாங்கத் தலைநகருக்குப் போனபோது தண்டோரா கேட்டது. நல்ல காரியத்துக்கு அரச மானியம்! ஆனால் தனி ஆளுக்குக் கிடையாது. ஏழு பேர் கொண்ட சங்கம் வேண்டும். ஏழு பேரும் சபைக்கு வந்து வாய்திறந்து கேட்கவேண்டும். இந்த நிபந்தனையை எழுதியவர் தேர் அதிகாரி அனந்தப்பர். வருஷாவருஷம் ஏழு தேரோட்டிகளை நிறுத்தி, மானியத்தை வாங்கி, தேருக்கெல்லாம் பட்டு மெத்தை போட்டுக்கொண்டவரும் அவரே.

உலகம்மை ஆறு குடியிருப்புக்கும் போய், மணலில் சைக்கிள் பாதை போடக் கேட்கலாம் என்று சொன்னாள். ஆறு பேரும், "பாதை வேணும்தான், ஆனா எப்படி வர? நாங்க சொல்றத நீயே போய்ச் சொல்லிரு" என்றார்கள். குறித்த நாளில் அவள் சபைக்கு வந்து, "எங்கள் ஆட்கள் கூச்சக்காரர்கள் ராஜா, திரைக்குப் பின்னால் நின்று பேசுவோம்" என்றாள்.

"பேசுங்கள்!" என்றான் செங்கோடன். புதுசாக எதைச் சொன்னாலும் அவனுக்குப் பிடிக்கும்.

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கிழட்டுக் குரல் சீறியது. "ஏ ராசா! பிரசவ வலி எடுத்தவ அங்க கத்துதா, நான் இங்க மணல்ல சைக்கிளைத் தூக்கிட்டு முட்டி செத்துக் கிடக்கேன். நீயா வந்து பிள்ளைய எடுப்ப?"

சபை வாயைப் பொத்திக்கொண்டது. ராஜா விழுந்து விழுந்து சிரித்தான்.

"அய்யா, நான் தங்கப்பழம். கருப்பட்டி சந்தைக்கு வாரதுக்குள்ள பாதி உருகிருது. மீதிய எறும்பு தின்னுருது. ரெண்டு முழ அகலத்துல சரளை போட்டாப் போதும்யா."

இப்படி ஒவ்வொருவராகப் பேசி முடித்ததும் அனந்தப்பர் எழுந்து போய்த் திரையை இழுத்தார். உள்ளே உலகம்மை ஒருத்தி. பக்கத்தில் அவள் சைக்கிள்.

"என்னையா ஏமாற்றினாய்?" ராஜாவின் முகம் கறுத்தது.

"ஒரு சொல்லும் என் சொல்லில்லை ராஜா. அவர்கள் சொல்லி அனுப்பியது. நேரில் வரமுடிந்தால் அவர்கள் பாதை ஏன் கேட்கப்போகிறார்கள்?"

"அப்படி யாருமே இல்லை மகாராஜா," என்றார் அனந்தப்பர். "மணலில் தனியாகக் கிடந்து தனக்குத்தானே பேசிப்பேசி இவளாக உண்டாக்கிக்கொண்ட ஆட்கள். பாவம், பைத்தியம்."

உலகம்மைக்குச் சுருக்கென்றது. தனக்குத்தானே பேசுவது உண்மைதானே! ஆனாலும் சொன்னாள். "அதிகாரி ஐயா தேரில் போய் அவர்களைக் கூட்டிவரட்டும். தேர் போய்வந்துவிட்டால் பாதை தேவையில்லை. மானியத்தை ஐயாவே வைத்துக்கொள்ளட்டும்."

"பலே! உடனே கிளம்பும்!" என்றான் ராஜா.

தேர் போனது. மத்தியானம் கடந்தது, வரவில்லை. பொறுமையில்லாத ராஜா உலகம்மையோடு தானே கிளம்பிவிட்டான். அவள் தூக்கிய சைக்கிளின் கேரியரைப் பிடித்துக்கொண்டு மேடு மேடாக ஏறினான்.

மூன்றாவது மேட்டுக்கு அப்பால் பேச்சுச் சத்தம் கேட்டது.

"அனந்தப்பரே, தேர் எங்கே?"

"இதோ வருகிறது மகாராஜா, சக்கரம் கொஞ்சம் ஓய்வெடுக்கிறது."

"குதிரைகள்?"

"தேரோட்டி அவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்டான் மகாராஜா."

எட்டிப் பார்த்தால், அச்சுவரை புதைந்த தேரின் மேல் அனந்தப்பர் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தார். இரண்டு குரலும் அவருடையதே. அரை நாள்தான் தனியாக இருந்திருக்கிறார்!

"என் குரல் உமக்கு நன்றாக வருகிறதே!" என்றான் ராஜா. அனந்தப்பர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்படியானால் மானியம்..." என்று இழுத்தாள் உலகம்மை.

"பொறு. நிபந்தனை நிபந்தனைதான். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். திரைக்குப் பின்னால் பேசியது ஆறு பேர். ஏழாவது ஆள் இன்னும் கேட்கவில்லை."

உலகம்மை வாய்திறந்தாள். பழக்கத்தில் கிழட்டுக் குரல் வந்தது.

"அது மருத்துவச்சி."

மறுபடி திறந்தாள்.

"அது கருப்பட்டி."

அவள் வெகுநேரம் மணலையே பார்த்தாள். பிறகு ஒரு குரல் வந்தது. கரகரவென்று, யாரும் கேட்டுப் பழகாத குரல்.

"பயம் ஒண்ணும் இல்ல ராசா. தனியாப் போய்ப் போய் அலுத்துப்போச்சு. பாதை இருந்தா எதிர்ல யாராவது வருவாங்க."

ராஜா தேர்ப்பக்கம் திரும்பினான். "அனந்தப்பரே, மானியம் இவர்கள் சங்கத்துக்கு. உம் பட்டு மெத்தைகளை விற்றுச் சரளை வாங்கும். முதல் கூடை உம் தலையில்."

அந்த மனசு மறுநாள் மாறவில்லை. அது ஒன்றே அந்த ஆட்சியின் அதிசயம். மூன்று மாதத்தில் பாதை முடிந்தது. முதல் நாள் விடியலில் உலகம்மை ஏறி மிதித்தாள். யாரையும் காணோம். பழைய மணல், பழைய காற்று. வளைவில் சும்மா ஒருமுறை மணியடித்தாள்.

அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு மணி அடித்தது.