சேர்மனின் சாம்பிராணிப் புகை

நகராட்சி சேர்மன் தங்கவேலனார் தன் ஜீப்பில் ராட்சத இன்ஜின் ஏற்றியிருந்தார். புகைச் சோதனைக்கு முன் மெக்கானிக் மரியபுஷ்பத்திடம் வந்தார்.

"புகையைச் சுத்தம் பண்ற கன்வெர்ட்டர் சின்னதா மாட்டு. பெரிசுன்னா உறுமல் குறையும். சோதனையில தோத்தா உன் கடைக்குப் பூட்டுதான்!"

"இந்த இன்ஜினுக்குச் சின்னது தாங்காதுங்க ஐயா."

"என் வண்டிப் புகை சாம்பிராணி மாதிரி, தெரியுமா?"

"அப்படீங்களா? அப்ப கொஞ்சம் தலையைக் காட்டுங்க."

கூட்டம் பார்க்க, சேர்மன் வீம்பாகப் புகைக்குழாய்ப் பக்கம் குனிந்தார். ஜீப்பில் உட்கார்ந்திருந்த டிரைவர் ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதித்தார். நரைத்த தலை கன்னங்கரேலென்று நிமிர்ந்தது.

"பத்து வயசு குறைஞ்சிட்டீங்க ஐயா!" என்றாள் மரியபுஷ்பம்.

சேர்மன் இருமிக்கொண்டே சொன்னார்: "பெரிசையே மாட்டும்மா!"

மாட்டினாள். சோதனை நிலையத்தில் அதிகாரி மீட்டரைப் பார்த்தார். சேர்மனின் கரி படிந்த முகத்தையும் பார்த்தார்.

"வண்டி பாஸ். நீங்கதான் ஐயா ஃபெயில்!"